கொடி பிடிக்கத் தகுதியான தலை

கிள்ளானை விட்டு வெகுதூரம் வந்தும் என் கோபம் அடங்கவில்லை. தண்டவாளத்தின் ஓரமாகக் கோலாலம்பூர் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். நான் முன்னால், என் கூட்டாளி பின்னால். இருவர் தலையிலும் கட்டு.

ரயில் பாதை வேலையில், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகளின் அடுக்கு எங்கள்மேல் சரிந்திருந்தது. அவனுக்குத் தோல் கிழிந்ததோடு சரி. எனக்கோ அன்று முதல் கையில் எடுத்த வேலை பாதியில் மறந்துபோகும். என் வேலை சிவப்புக் கொடி பிடிப்பது. பாதையைக் கழற்றியிருக்கும்போது வண்டியை நிறுத்த வேண்டியவன் நான்தான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் எங்கள் மூளையைச் சோதித்தார். அவர் சொல்லும் எண்களை, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசர் தமிழில் சொல்வார். அவற்றைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்ல வேண்டும். என் மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்போடு நின்று வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்க வைத்தவர். அந்தப் பழக்கத்தில் மளமளவென்று சொல்லிவிட்டேன்.

அவன் பள்ளிக்கூடம் பார்க்காதவன். அவன் பழகிய பாதை வேலையில், மேஸ்திரியான மண்டோர் ஏவியதை அப்படியே உரக்கச் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும். மாற்றிச் சொன்னால் உதை.

"அஞ்சு, எட்டு, ரெண்டு" என்றார் டிரெசர்.

"அஞ்சு, எட்டு, ரெண்டு!" என்று கத்தினான்.

"கடைசியிலேருந்து சொல்லுடா, மடையா."

"தொரை சொன்னத நான் எப்படிங்க மாத்துறது?"

டிரெசர் சிரித்தார். டாக்டர் சிரிக்காமல் எழுதினார். அவனுக்கு மூளை கலங்கிவிட்டதாம், இனி வேலை இல்லை. எனக்கு ஒன்றுமில்லையாம், உடனே கொடி பிடிக்கலாமாம்.

"எனக்குத்தாங்க மறந்து மறந்து போகுது" என்றேன்.

"இவ்வளவு வேகமா சொல்ற வாய்க்கு என்னடா மறதி? உடம்பு வளைய மாட்டேங்குதோ?" என்றார் டிரெசர்.

பள்ளிக்கூடம் போனவன் யார், மண்டை கலங்கியவன் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதது என்ன சோதனை? நான் கொடியை மறந்தால் சாகப்போவது பாதையில் குனிந்து நிற்கும் ஆட்கள். டாக்டர் இல்லை. கொடியை மண்டோர் காலடியில் எறிந்துவிட்டுக் கிளம்பினேன்.

"பாஸானவன் நீ ஏன்டா வந்த?" என்றான் வழியில் கூட்டாளி.

"வாய மூடிக்கிட்டு நட."

மறுநாள் காலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் ஒரு மாட்டுக் கொட்டகையில் வேலை கேட்டோம். "சாணி அள்ளுவீங்களா?" என்றார் மாட்டுக்காரர். அதற்குமேல் கேட்கவில்லை. தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு வந்தது. நிரம்பிய தொட்டியிலேயே மறுபடியும் ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வழிந்து காலை நனைத்தது. கூட்டாளி வாளியை வாங்கிக்கொண்டு சாணிக்கூடையை என் கையில் கொடுத்தான்.