அக்காவைப் பேச வைத்த ரிமோட்

பொம்மைக் கார் ஓட்டும் ரிமோட்டால் என் அக்காவைப் பேசவைக்கவும் நிறுத்தவும் முடியும் என்று பத்து வயதில் நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பு தப்பாக இருக்கலாம். சோதனை தப்பில்லை. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் பலித்தது.

யாங்கோனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழா. நாடகத்தில் அக்காவுக்கு மகள் வேஷம். வகுப்புக்குப் போனோமே தவிர வீட்டில் பேச்செல்லாம் பர்மியம்தான். அம்மா பர்மியப் பெண். பக்கத்து ஊரான கியாக்தானில் கடை வைத்திருந்த பெரியப்பாவுக்கு அது ஆறாத குறை. வரும்போதெல்லாம், "கட்டுனது கட்டுன. ஒம் பிள்ளைங்க வாயில தமிழ் வருமாடா?" என்று அப்பாவைக் கேட்பார். அம்மா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த வருஷம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பெரியவள் தாளைப் பார்க்காமல் முழு நாடகமும் பேசுவாள், முன்வரிசையில் வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அக்காவிடம் கேட்டார்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு வெளிச்சம்தான் கவலை. அம்மாவின் தம்பி எலெக்ட்ரிஷியன். பர்மிய வழக்கப்படி ஊலே என்று கூப்பிடுவோம். அவர் ஒரு பழைய மின்விசிறி ரெகுலேட்டரைப் பால்பவுடர் டின்களுக்குள் வைத்த இரண்டு குண்டு பல்புகளோடு இணைத்துக் கொடுத்தார். குமிழைத் திருகினால் வெளிச்சம் ஏறும், இறங்கும். எனக்கு அது போதவில்லை. என் பொம்மைக் காரை உடைத்து மோட்டாரையும் பல்சக்கரங்களையும் எடுத்து, ரப்பர் பேண்டு போட்டுக் குமிழோடு சேர்த்துவிட்டேன். ரிமோட்டில் 'முன்னால்' என்றால் வெளிச்சம் ஏறும்; 'பின்னால்' என்றால் இறங்கும். மின்கம்பியை ஊலே என்னைத் தொடவிடவில்லை. மற்றதெல்லாம் நானே செய்தது. ரிமோட் நாலாவது வரிசை வரைக்கும் எட்டியது, அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

நாடகத்தில் அப்பா சாகக் கிடக்கும் காட்சி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே பேச வேண்டும். இங்கே வெளிச்சத்தை மெல்ல இறக்கு, ஜனம் அழும் என்று ஊலே சொல்லியிருந்தார். இறக்கினேன். அழகாக இறங்கியது.

"அப்பா, கண்ணத் தெறந்து பாருங்க," என்றாள் அக்கா. விசிறி நின்றது. பிறகு மறுபடியும், "அப்பா, கண்ணத் தெறந்து பாருங்க." மூன்றாவது தடவை சொன்னபோது கட்டிலில் கிடந்தவர் நிஜமாகவே கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"தெறந்துட்டாரும்மா, மேல சொல்லு," என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூடம் சிரித்தது. முன்வரிசையில் பெரியப்பா கழுத்தைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

ரப்பர் பேண்டு நழுவிவிட்டதோ என்று பதறி 'முன்னால்' பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் ஏறியது. அக்கா விசிறியை முகத்துக்கு நேரே தூக்கி, கடகடவென்று நாலு வசனம் பேசினாள். மறுபடி இறக்கினேன், வாய் மூடிக்கொண்டது. ஏற்றினேன், திறந்தது. ரிமோட்டின் அலை அவளுக்குள் எங்கேயாவது பாய்கிறதா? உடம்பிலும் மின்சாரம் ஓடுகிறது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்களே. மூன்றாம் முறை சோதித்தபோது அக்கா இருட்டிலிருந்து நேராக என்னை முறைத்தாள். பயந்துபோய் வெளிச்சத்தை உச்சத்தில் ஏற்றி ரிமோட்டை மடியில் வைத்துவிட்டேன். அப்பா செத்தது, மகள் அழுதது, எல்லாம் கல்யாண வீட்டு வெளிச்சத்தில் நடந்தது.

முடிந்ததும் அக்கா மேடையிலிருந்து இறங்கி நேராக வந்து விசிறியை என் பக்கத்தில் இருந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா வீசிக்கொள்ளத் தொடங்கினாள். என் உயரத்துக்கு அதன் உட்பக்கம் நன்றாகத் தெரிந்தது. நெருக்கமாகப் பர்மிய எழுத்து. எழுத்துக்கூட்டி முணுமுணுத்தேன். என் வாயில் வந்தது தமிழ்: அப்பா, கண்ணத் தெறந்து பாருங்க. எழுத்தோ அம்மாவுடையது, சந்தைக்குப் போகுமுன் எழுதும் சாமான் பட்டியலில் இருக்கும் அதே உருண்டை வட்டங்கள். தமிழே தெரியாத அம்மா இவ்வளவு தமிழை எங்கே வைத்திருந்தாள்?

கேட்பதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். அம்மா விசிறியைத் திருப்பி எழுத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரத்தம்டா," என்று பெரியப்பா அப்பாவின் தோளில் தட்டினார். "நம்ம ரத்தம். அதான் தாளு இல்லாம பேசுது." பிறகு பல்புகளைப் பார்த்து, "அழுவுற எடத்துல எதுக்கு இம்புட்டு வெளிச்சம்? அதான் கெடுத்துருச்சு," என்றார்.

அப்பா தலையாட்டினார். அம்மா சிரித்தாள், ஒன்றும் புரியாதவர்கள் சிரிப்பதுபோல. எனக்கு அழுகை வந்தது. யாருமே என் ரிமோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து அம்மாவை நோக்கி நீட்டி, 'முன்னால்' பொத்தானை அமுக்கிப் பார்த்தேன்.

அம்மா பேசவில்லை. விசிறியை மார்பிலிருந்து எடுக்கவும் இல்லை.