அறுப்பதற்காகக் கட்டிய கயிறு

சண்முகத்தாய்க்கு ஐம்பத்தைந்து வயதில் முன்பல் முளைத்தது. டாக்டர் கட்டிவிட்ட பல். புருஷன் பிச்சைமணி ஒரு நாள் ஓங்கி விட்ட குத்தில் போன பல்லின் இடத்தை அத்தனை வருஷமும் முந்தானையால் மூடிக்கொண்டே சிரித்துப் பழகியிருந்தாள். பல் வந்த பிறகு அவள் சிரிப்பு அவள் ஊரான சிலமலையில் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பல்லோடு அவள் நிறுத்தவில்லை. வாடாமல்லிக் கலரில் சேலை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி படம் பார்த்தாள். பெட்டியில் சும்மா கிடந்த தாலியை அழித்துக் கம்மலாகச் செய்து காதில் போட்டுக்கொண்டாள். இந்தக் கடைசி விஷயம் பேச்சிக்கு மட்டும்தான் தெரியும். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள் பேச்சி.

பிச்சைமணி, போடிமெட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவராக இருந்தவன். மகள் கற்பகத்துக்கு மூன்று வயசு நடக்கும்போது மலைமேல் ஒருத்தியோடு தங்கிவிட்டான். அப்புறம் இறங்கி வரவேயில்லை. சண்முகத்தாய் ஏலக்காய்த் தூசியைச் சுவாசித்தே மகளை வளர்த்து, போடியில் கட்டிக்கொடுத்தாள்.

கிட்டங்கியில் ஒரு டிவி உண்டு. மதியத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். குடித்துவிட்டு வந்த புருஷனின் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருத்தி அழுவாள். காய் பொறுக்குகிறவர்களும் மூக்கைச் சிந்துவார்கள்.

"ஏத்தா, இந்தப் படத்துல எல்லாம் பொம்பள சோறு திங்கிறத எப்பயாச்சும் காட்டுறானா?" என்பாள் சண்முகத்தாய். "பரிமாறுறா, வெளக்கேத்துறா, அழுகுறா. கொஞ்சம் வயசாச்சுன்னா வெள்ளச் சேலையக் கட்டிவிட்டு மூலையில உக்காந்து இருமச் சொல்லிர்றான். எவளாச்சும் சிரிச்சு ஆடுனா, கடைசியில துப்பாக்கிக் குண்டு அவளுக்குத்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அவளும் அந்தப் படங்களுக்கு அழுதவள்தான். ஜீப்பிலிருந்து அவன் இறங்குகிற மாதிரியும், தான் செம்புத் தண்ணீரோடு ஓடிப்போய் அவன் காலைக் கழுவுகிற மாதிரியும் வருஷக்கணக்கில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தப் படம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

நின்றுபோன பிறகு அவன் வந்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, கொழுந்தன் சுருளி ஜீப்பைக் கொண்டுவந்து அவள் வாசலில் நிறுத்தினான். பிச்சைமணிக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சு போயிருந்தது. மலைக்காரி செத்துப்போக, அவள் பிள்ளைகள் இவனை வெளியேற்றிவிட்டார்கள். ஜீப்புக்குப் பின்னாலேயே கற்பகமும் அழுதுகொண்டு வந்து சேர்ந்தாள்.

"அப்பா வந்துட்டாரும்மா!"

தெருவே கூடிவிட்டது. இவள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொள்வாள் என்று எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். சண்முகத்தாய் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் தலையைப் பிடித்து, சிந்தாமல் குடிக்க வைத்தாள். பிறகு குனிந்து உதட்டை விலக்கிக் காட்டினாள்.

"இந்தப் பல்லு யாரு ஒடச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் கண்ணில் நீர் வழிந்தது. நோயிலா, நினைவிலா, தெரியவில்லை.

"தண்ணி குடுத்துட்டேன். தூக்கிட்டுப் போங்க," என்றாள்.

"மதினி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கத்தினான் சுருளி.

கற்பகம் அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ப் பீயும் மூத்திரமும் அள்ளினாள். அவளுக்கு அப்பா என்றால் ஒரு போட்டோ. அந்தப் போட்டோ இப்போது உயிரோடு வந்து படுத்திருந்தது. அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பேத்தி சடங்கான விஷயமே போடியில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் சண்முகத்தாய்க்குத் தெரிந்தது. அதில் தாத்தா என்று பிச்சைமணியின் பழைய படம் இருந்தது. இவள் படம் இல்லை. கிட்டங்கியில் டிவியில் எவளாவது புருஷன் காலைத் தொட்டால், "அவ பொம்பள," என்று யாராவது இவள் காதில் விழும்படி சொன்னார்கள்.

தை கடைசியில் பிச்சைமணி செத்தான். கற்பகம் போன் செய்தாள். அத்தனை மாதத்தில் முதல் பேச்சு அது.

"மொகத்தையாச்சும் வந்து பாரும்மா."

மகள் கூப்பிட்டாளே என்று போனாள்.

அவளைச் சுற்றிப் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். சுருளி பெண்டாட்டி தலையில் பூவைத் திணித்தாள். நெற்றி நிறையக் குங்குமம் அப்பினாள். கையில் வளையல்களை ஏற்றினாள். அறுப்பதற்குக் கழுத்தில் தாலி இல்லை. யாரோ ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் கட்டினார்கள்.

"விடுங்கடி! அவனுக்கும் எனக்கும் என்ன இருக்கு?"

துள்ளினாள். இரண்டு கையையும் பின்னாலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். கற்பகம்.

"ஒரு நிமிஷம்மா. அப்பாவுக்குச் செய்ய வேண்டியத செஞ்சுர்றோம்," என்றாள் மகள். அழுதுகொண்டேதான் சொன்னாள். பிடியைத் தளர்த்தவில்லை.

வளையல்களை அவள் கையோடு தரையில் அடித்து உடைத்தார்கள். பூவைப் பிய்த்தார்கள். இப்போது கட்டிய கயிற்றை இப்போதே அறுத்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து பேச்சியின் குரல் கேட்டது.

"கம்மலும் அவரு கட்டுன தாலிப் பொன்னுதான்."

அதைத் திருகாணி கழற்றி எடுக்கப் பொறுமை இல்லை. இழுத்தார்கள். இடது காது கிழிந்து தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியாத சிவப்பில் ரத்தம் வழிந்து வாடாமல்லிச் சேலையில் இறங்கியது. சண்முகத்தாய் கத்தினாள். பிணத்துக்காக அழுகிறாள் என்று வாசலில் நின்ற ஆம்பிளைகள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காதில் தையல் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்து அதே சேலையில் கிட்டங்கிக்குப் போனாள். துவைத்தும் கறை முழுக்கப் போகவில்லை. பேச்சி சாக்கை இழுத்துத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். முதலாளி வெளியே வந்து, "தாலியறுத்தவ இப்பிடி வந்தா மத்தவுக மொணங்குறாகம்மா. கொஞ்ச நாள் வராத," என்றார்.

மறுநாள் விடிந்ததும் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிட்டாள். ஐம்பத்தெட்டு வயசில் மலைச்சரிவில் குனிந்து காய் பறிப்பது லேசான சோலி இல்லை. முதல் வாரம் முழங்கால் வீங்கியது. ஆனாலும் மேலே குளிர்காற்றில் அவள் சிரிப்பு பழையபடி கேட்க ஆரம்பித்தது. கங்காணி சொன்ன எதற்கோ ஒரு நாள் அவள் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்து, பக்கத்து வரிசைக்காரி ஆயம்மாள் பிரியமாகக் கேட்டாள்.

"ஒனக்குப் புள்ளைக இருக்காகளாக்கா?"

"ஒரு மக. போடியில இருக்கா."

"பாத்துக்கிறாளா நல்லா?"

சண்முகத்தாய் கிழிந்து ஒட்டிய காதைத் தடவிக்கொண்டாள்.

"கெட்டியாப் பிடிப்பா," என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.