புழுவுக்கு வைத்த பேர்

கடலுக்கு அடியில் கிடக்கிற சேற்றை மேலே கொண்டுவந்து, சல்லடையில் கொட்டி, அரிசி களைகிற மாதிரி களைந்து, அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் அவள் வேலை. படித்தவர்கள் அந்த வேலைக்கு வாயில் நுழையாத பேர் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குச் சேத்தக்கா என்று பேர். இத்தனை படித்துவிட்டுச் சேறு வாரப் போகிறாளே என்று பெற்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளா கேட்பாள்? மேலே அலையைப் பார்த்தால் கடல் பொய் சொல்லும், அடியில் சேற்றைப் பார்த்தால்தான் உண்மை சொல்லும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

புருஷன் பஸ் ஓட்டுகிறவன், தங்கமானவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "பக்கத்துல வராதே. துறைமுகமே கதவைத் திறந்துட்டு உள்ள வந்த மாதிரி இருக்கு" என்பான்.

உயிருள்ளது தனியாகத் தெரியட்டும் என்று சேற்றில் ஒரு ரோஸ் சாயம் ஊற்றுவார்கள். அது விரலில் ஏறினால் ஒரு வாரத்துக்குப் போகாது. பொறுக்கிய புழுவைக் கெடாமல் இருக்கச் சாராயத்தில் போட்டுப் புட்டியில் மூடுவார்கள். அங்கே முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான்: மூடியை நம்பாதே. புட்டிகளைக் கழுவிச் சாராயம் மாற்றும்போது மூடிகள் இடம் மாறிவிடும். பேனாவில் எழுதினால் மையைச் சாராயம் தின்றுவிடும். அதனால் எந்த இடத்துச் சேறு, எவ்வளவு ஆழம் என்று பென்சிலால் ஒரு சீட்டு எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போட்டுவிட வேண்டும். அந்தச் சீட்டுதான் சாட்சி.

நிலையத்துக்குத் தலைவராக இருந்தவருக்கு இஸ்திரி என்று பட்டப்பேர். சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. வாலிபத்தில் அவரும் சேற்றில் கை வைத்தவர்தானாம். நாற்காலி வந்த பிறகு சாராய வாடை பட்டால் மூக்கைப் பொத்துவார்.

ஒரு தடவை பன்னிரண்டு நாள் கப்பலில் போய், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, சூரிய வெளிச்சமே எட்டாத இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து சேறு கொண்டுவந்தாள் சேத்தக்கா. அதில் ஒரு புழு. கண் இமை முடி அளவு இருக்கும், தலையில் சிவப்பாக ஒரு நூல்கொத்து, கண் கிடையாது. இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே சாகிறதற்குக் கண் எதற்கு? அதே மாதத்தில், ஊர்ச் சாக்கடை கடலில் விழுகிற வாயருகே, நாலடி ஆழத்தில் அதே ஜாடையில் இன்னொன்று கிடைத்தது. ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இதற்கு மட்டும் ஊசிமுனை அளவில் இரண்டு கண். இரண்டுக்கும் உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லை.

சந்தோஷத்தில் இஸ்திரியிடம் போய் ஆழ்கடல் புழுவைப் பற்றிச் சொன்னாள். "தலையில சிவப்புக் கொத்து சார். ஏழாம் நம்பர் புட்டி. நிதானமா ஒரு வருஷம் பார்த்துட்டு எழுதறேன்."

"பண்ணும்மா, பண்ணு. அவசரம் என்ன?" என்றார் அவர்.

அந்த வாரமே அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஒரே மகள். இரண்டு மாதம் லீவு போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள்.

திரும்பி வந்து கொஞ்ச நாளில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று வந்தது. ஆழ்கடல் கும்மிருட்டில் கண் உள்ள அதிசயப் புழு! கண்டுபிடித்தவர் இஸ்திரி. புழுவுக்கு வைத்த பேரும் அவர் குடும்பப் பேர்தான், பின்னால் ஒரு லத்தீன் வால் ஒட்டி. அவள் பேர் எங்கே என்று தேடினாள். கடைசி வரியில், 'புட்டி கழுவி உதவியவர்களுக்கு நன்றி' என்று போட்டிருந்தது.

மிச்சம் இருக்கிற சாக்கடைப் புட்டியையும் அவர் மேஜையிலேயே போட்டு உடைத்துவிட்டு வீட்டுக்குப் போவது என்று அலமாரியைத் திறந்தாள். மூடியில் 'சாக்கடை வாய் மூணு' என்று இருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டில், அவள் கையெழுத்திலேயே, 'ஆழ்கடல் ஏழு, இரண்டாயிரம் மீட்டர்'.

கண்ணில்லாத புழு அங்கேயே பத்திரமாகக் கிடந்தது! மகாராசன் மூடியைப் பார்த்துத் திருடியிருக்கிறார். 'சாக்கடை'யைத் தூக்கிக்கொண்டு போய், வரைகிறவரிடம் கொடுத்துப் படம் போட்டு, 'இருட்டில் கண் எதற்கு?' என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லியிருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். புட்டி கழுவுகிற அக்கா பயந்து ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. "அன்னைக்கு மூடி மாத்திப் போட்டது நான்தாம்மா. என் வேலை போயிடுமா?"

சேத்தக்கா அந்த ஊறிப்போன கைகள் இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா."

"அப்ப வாங்க, இப்பவே போய் நாலு பேர் முன்னாடி சொல்லிடலாம்."

"இப்ப சொன்னா முதல் படியில தடுக்கினவர் மாதிரி தூசியத் தட்டிட்டு எழுந்து போயிடுவார். ஏறட்டும்க்கா. மொட்டை மாடி வரைக்கும் ஏறட்டும்."

ஏறினார். ஒன்பது வருஷம் ஏறினார். கண்ணுள்ள புழுவைக் காட்டி ஊர் ஊராகப் பேசினார், மாலை வாங்கினார். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பத்திரிகை வந்த தேதியில் சேத்தக்கா தன் புட்டியைத் திறந்து, வற்றிய அளவுக்குச் சாராயம் ஊற்றி மூடுவாள். குழந்தைக்குப் பால் ஊட்டுகிற மாதிரி அந்த வன்மத்துக்கு ஊட்டி வளர்த்தாள். தனக்குப் பின்னால் வந்தவர்கள் தன்னைத் தாண்டிப் பதவிக்குப் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருல புருஷன் குடிப்பான். என் வீட்டுல பொண்டாட்டி வளர்க்கிற புழு குடிக்குது" என்று கேலி பேசுகிற புருஷன் ஒருநாள் மட்டும் விளையாட்டில்லாமல் கேட்டான். "அந்தாளைத் தள்ளிவிடக் காத்திருக்கே, சரி. உன் புழுவும் சேர்ந்துல்ல பேரில்லாம கெடக்கு? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். காத்திருப்பதை விட்டாளா என்றால், அதுவும் இல்லை.

இஸ்திரி ஓய்வு பெறுகிற வருஷம் அவருக்குப் பெரிய பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பல தேசத்துச் சேற்று நிபுணர்கள் வந்திருந்தார்கள். மேடையில் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் அந்தப் புட்டி. அவர் பேசி முடித்ததும், கேள்வி உண்டா என்று கேட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து சேத்தக்கா எழுந்தாள். ரோஸ் விரலோடு அவள் மைக்கை வாங்கியபோது, புட்டி அக்கா கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். உள்ளே இருக்கிற சீட்டைக் கொஞ்சம் படிங்களேன்."

அவர் சிரித்தார். "மூடியிலயே இருக்கேம்மா, ஆழ்கடல் ஏழுன்னு."

மூடியிலா? கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முன்வரிசையில் இருந்த வெள்ளை முடிக்காரி ஒருத்தி, நம்ம ஊரிலேயே நாற்பது வருஷம் சேறு கழுவினவள், தானே மேடையேறினாள். மூடியைத் திறந்து இடுக்கியால் சீட்டை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகப் படித்தாள்: "சாக்கடை வாய் மூணு. ஆழம் நாலடி."

எங்கேயோ ஒருத்தர் 'களுக்' என்றார். அவ்வளவுதான், கூடமே அதிர்ந்தது. சேத்தக்கா தன் பைக்குள்ளிருந்து ஏழாம் நம்பர் புட்டியை எடுத்து, பட்டுத்துணி மேல் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், அவளை உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் இஸ்திரி அவள் அறைக்கே வந்தார். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. "ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா. கண்ணில்லாத புழுவுக்கு நீயே பேர் வெச்சுக்கோ, நான் குறுக்க வரலை. ஆனா அந்தச் சாக்கடைப் புழுவுல இருந்து என் பேரை மட்டும் எடுத்துடும்மா. பேரப்பிள்ளைங்க இருக்கு."

"எப்படி சார் எடுக்கறது? நீங்கதானே எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க? முறைப்படி முதல்ல வெச்ச பேரு வெச்சதுதான். இடம் தப்புன்னா இடத்தைத் திருத்தலாம், பேரைத் தொட முடியாது."

"உனக்கு இரக்கமே இல்லையா?"

"இருந்துச்சு சார். புட்டியோட சேர்த்துக் கழுவிட்டேன்."

அன்றைக்கே அவள் உட்கார்ந்து பேர் வைக்கிற சபைக்குக் கடிதம் எழுதினாள். புழு புதுசுதான், பேர் செல்லும், ஆனால் அது வாழும் இடம் ஆழ்கடல் இல்லை, சாக்கடை வாய் என்று திருத்த வேண்டும் என்று. திருத்திவிட்டார்கள். இனி உலகம் உள்ளவரைக்கும் அந்தப் பேரை அசைக்க முடியாது. கண்ணில்லாத ஆழ்கடல் புழுவுக்கு அவள் தன் பேரை வைத்துக்கொள்ளவில்லை. புட்டி கழுவின அக்காவின் பேரை வைத்தாள்.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. அழுக்கு எங்கே கூடுகிறதோ அங்கேதான் அந்தச் சாக்கடைப் புழு பெருகுகிறது. அதனால் கடல் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய, வாரா வாரம் சேறு எடுத்து அதைத்தான் எண்ணுகிறார்கள். கணக்கைக் கடற்கரைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். இஸ்திரியின் குடும்பப் பேர், பக்கத்தில் எண்ணிக்கை. எண் கூடினால் யாரும் குளிக்க இறங்குவதில்லை.

"போதுமாடீ இப்ப?" என்று கேட்டான் புருஷன், பலகை முன்னால் நின்று.

அவள் ரோஸ் விரலால் எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "இருநூத்தி நாப்பதுதான் போட்டிருக்காங்க. நேத்து நான் எண்ணினப்போ இருநூத்தி நாப்பத்தி ரெண்டு" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் கேட்டுவரக் கிளம்பினாள்.