இடத்தே திருப்பினால் வலத்தே போன வண்டி

ஆரியசாலையில் மூடிய கண்ணை நான் கோட்டாற்றில்தான் திறந்தேன். நடுவில் இருந்த ஊர் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பயணத்தை நேரில் கண்ட சாட்சி போலக் கடைத்தெருவெங்கும் வர்ணித்து வந்திருக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமையும் சாலைக் காப்பிக் கடை ஒன்றில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி பாறசாலை வளைவை நெருங்கும் இடத்தில் வற்றல் கடைக் கணக்கப்பிள்ளை உள்ளே வந்து என் தோளைத் தொட்டார். "அண்ணாச்சி போயிட்டாரு."

என் கதையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், வெளியே இல்லாமல் போயிருந்தார்.

தாணுமாலயப் பிள்ளை அண்ணாச்சியை உங்களில் பலர் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரியாக அறிவீர்கள். அது அவருடைய உபதொழில். கிட்டங்கியில் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் மோட்டார் வண்டி செய்துகொண்டிருந்தார். யாரோ கைவிட்ட பழைய கார் ஒன்றின் கூரை, கதவு, மட்கார்டு எல்லாம் கழற்றி எறியப்பட்டு, சட்டமும் எஞ்சினும் மட்டும் மிஞ்சியிருந்தன. "பாரம் போனா வேகம் வரும், வேய்" என்பார், என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. எஞ்சினைக் கிளப்பினால் வற்றல் தூசி பறந்து தெருவே தும்மும்.

போர் முடிந்து ராணுவத்தார் ஏலம் விட்டதில் ஓர் அமெரிக்க லாரியின் முன் அச்சு, ஸ்பிரிங் பட்டைகள், ஸ்டியரிங் பெட்டி எல்லாம் அவருக்குக் கிடைத்தன. லாரியைத் தாங்கிய பட்டை இந்த எலும்புக்கூட்டுக்கு வளையுமா? வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, பாரம் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினோ அப்போது கழற்றிக் கிடந்தது.

"வேய், நீரு உள்ள எறங்கி இரியும்."

எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் நான் குந்தினேன். அவர் பட்டை உருவ உருவ, பொழுது போகவேண்டுமே என்று ஊர் வம்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் கடைசியில் பதமாக அமர்ந்தது. எட்ட நின்று பார்த்துவிட்டு, "பாரம் சரிதான். ஆனா எஞ்சின் இவ்வளவு சத்தம் போடாது" என்றார்.

ஸ்டியரிங் பெட்டியின் பல்சக்கரங்களை அவர் மண்ணெண்ணெயில் கழுவியது அவர் மனைவி பகவதி மைனியின் இட்லிக் கொப்பரையில். மைனி அன்றைக்கே கோட்டாற்றிலுள்ள தகப்பனார் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்: "அந்த வண்டி தானா ஓடி எங்கப்பா வீட்டு வாசல்ல வந்து நிக்கட்டும், அப்பம் வாறேன். பொங்கலுக்குள்ள வரலைன்னா அதுகூடயே பொங்கிச் சாப்பிடச் சொல்லுங்க. நான் இனி இந்தப் பக்கம் இல்ல."

கேட்டு அண்ணாச்சி சிரித்தார். ஆனால் ஓட்டல் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கிட்டங்கியில் மைனி உட்காரும் முக்காலியில் என்னை உட்காரவும் விடவில்லை.

அமெரிக்க லாரியில் ஓட்டுபவருக்கு இடது பக்கம் இருக்கை. நம் வண்டிக்கோ வலது பக்கம். அதற்காக அண்ணாச்சி பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பூட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தெருவில் வெள்ளோட்டம். எதிரே வந்த கைவண்டிக்கு விலகுவதற்காக இடது பக்கம் திருப்பினார். வண்டி வலது பக்கம் பாய்ந்து, எதிர்க்கடை மல்லி மூட்டைக்குள் மூக்கைப் புதைத்தது.

"என்னவே இது, வண்டியா, முரட்டுக் காளையா?" என்று எதிர்க்கடைச் செட்டியார் கத்தினார்.

அண்ணாச்சி அமைதியாகச் சக்கரத்தை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். "பெட்டி சரியாத்தான் இருக்கு, செட்டியாரே. நாமதான் இத்தனை நாளும் மாத்தித் திருப்பிட்டிருந்தோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பொங்கல் வந்துட்டு. கழத்தி மாட்ட நேரமில்ல. கையை மாத்திப் பழகிக்கிடலாம்."

போகியன்று காலையில் கிளம்பினோம். முன்பக்கம் மறுபடி தூக்காமலிருக்கப் பாரம் வேண்டுமாம், அதனால் நான். ஏறியதும் கண்ணை மூடிவிட்டேன். கரமனையில் ஒரு போலீஸ்காரரின் குரல் கேட்டது: "எந்தா இது? வண்டியோ, தேரோ?"

"ரெண்டும்தான், ஏமானே!"

அதற்கப்புறம் காற்று, புழுதி, ஏதோ ஒரு கோழியின் ஓலம், இவற்றுக்கிடையே அண்ணாச்சியின் குரல். "வேய், வலத்த வளைவு வருது. இடத்த திருப்புதேன். பிடிச்சுக்கிடும்!" என் பேச்சு நின்று, எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் மட்டும் உள்ளுக்குள் ஓடின. எங்கும் உரசவில்லை, எங்கும் இறங்கவில்லை. ஊரெல்லாம் ஒரு பக்கம் திருப்ப, தான் மட்டும் மறுபக்கம் திருப்பி, ஒரு மனிதர் மனைவியின் வாசல்வரை போய்ச் சேர்கிறார். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

கண் திறந்தபோது மைனி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். புழுதியில் அடையாளம் தெரியாமலிருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். "கொப்பரை எங்க?" என்றார்.

இருக்கைக்கடியிலிருந்து புதுக் கொப்பரை ஒன்றை எடுத்து நீட்டினார் அண்ணாச்சி.

"சரி, இவரை எறங்கச் சொல்லுங்க. நான் ஏறணும்."

நான் பஸ்ஸில் திரும்பினேன்.

துக்கம் விசாரிக்கப் போனபோது மைனியிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன்: "எதுக்கும் பயம் வந்தா, 'கையை மாத்திப் பழகிக்கிடலாம்'னு அண்ணாச்சி சொன்னதை நினைச்சுக்குவேன், மைனி. அவரு எனக்கு விட்டுட்டுப் போனது அதுதான்."

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதை இன்னுமா நம்பிட்டிருக்கீங்க? கிளம்புறதுக்கு முந்தின நாளே வேற பெட்டி வாங்கி நேராக்கிட்டாரே. உங்ககிட்ட மட்டும் சொல்லல."

"ஏன் மைனி?"

"சொன்னா, கண்ணைத் தொறந்துக்கிட்டுக் கோட்டாறு வரைக்கும் பேசிக்கிட்டே வருவீங்களாம்."