பல்செட் மாஸ்டரின் வெற்றி வகைகள்

"வெற்றி எந்த வழியா வந்தாலும் வாசல்லயே மடக்கிப் பிடிச்சுருவேன். ஒண்ணைக்கூட திருப்பி அனுப்பின சரித்திரமே கிடையாது!"

பல் மருத்துவமனையின் பின்னறையில் மெழுகும் மாவுமாகப் பல்செட் செய்யும் மாஸ்டர், டயர் கடை மாடியிலுள்ள எங்கள் சதுரங்க மன்றத்தில் வெளியிட்ட பிரகடனம் இது.

ராஜாவை மடக்கி 'மேட்' வைப்பது அவரைப் பொறுத்தவரை உடம்பு நோகும் வேலை. எதிராளி தாமதமாக வந்தாலும் வெற்றிதான். கைப்பேசி சிணுங்கினாலும் வெற்றிதான். மாஸ்டர் விடும் கொட்டாவியில் மனம் வெறுத்து, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் அவர் உயிராக மதித்தது கடிகார வெற்றியை. எதிராளியின் நேரம் முடிந்து கடிகாரத்தின் சிவப்புக் கொடி விழ வேண்டியதுதான், "கொடி!" என்று அவர் போடும் சத்தத்தில் கீழே டயர் கடையில் ஜாக்கி நழுவும். கொடி விழுந்ததை ஆடுபவர்தான் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் மூச்சு விடக் கூடாது என்பது விதி.

இப்படியே வென்று, ஊர்ப் போட்டியில் மன்றத்தின் முதல் பலகையில் உட்காரும் கௌரவத்தைப் பல வருஷமாகத் தன் சொத்தாக வைத்திருந்தார். இந்த முறை அந்த இடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் குறுக்கே வந்தவர் அவருடைய சகலை, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மாஸ்டரை ஒருதடவைகூட வென்றதில்லை.

"என்ஜினை அணைச்சிட்டா வந்தீங்க சகலை? அநாவசியம். இப்பவே கிளம்பிருவீங்களே."

"பேசுங்க, பேசுங்க. பல்லு செய்யறவருக்கு வாய்க்கா பஞ்சம்?"

நடு ஆட்டத்தில் சகலை தன் ராணியையே தூக்கிக் கொடுத்தார்.

"என்னங்க இது, பஸ்ல டிபன் டப்பாவை மறந்துட்டுப் போற மாதிரி ராணியை விட்டுட்டீங்க!" என்று மாஸ்டர் அதை வெட்டினார். அடுத்து சகலையின் யானை இறங்கியது. மாஸ்டரின் சிரிப்பு நின்றது. பலகைமேல் குனிந்து இண்டு இடுக்கெல்லாம் தேடினார். தப்பிக்க வழியில்லை. "அடேயப்பா..." என்றார், தனக்குள்.

குதிரையை ஒருமுறை நகர்த்தினால் முடிந்தது. சகலையோ, முட்டுச் சந்தில் பேருந்தைத் திருப்புகிறவர்போல அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கொடி விழுந்தது. அறையில் எல்லோரும் பார்த்தோம். பலகையிலிருந்து கண்ணெடுக்காத அவரைத் தவிர.

மாஸ்டரும் பார்த்தார். வாய் திறந்தது. காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானோம்.

வாய் மூடிக்கொண்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டவர், அதன் கூட்டைக் கடிகாரத்துக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார்.

"முடிச்சு வைங்க சகலை. எவ்வளவு நேரம்தான் என் ராஜா நிப்பான்?"

குதிரை தாவியது. "மேட்... சரிதானே?"

"சந்தேகம் வேறயா? எல்லாரும் கிட்ட வாங்கப்பா! ராணியைக் குடுத்தாரு பாருங்க, அங்கேருந்து பாருங்க. இவரு யாரு? எங்க சகலை!"

ஒரு கை சகலையின் கையைக் குலுக்கிக்கொண்டிருக்க, இன்னொரு கை கடிகாரத்தின் முதுகுத் திருகைப் பிடித்து, சகலை பக்கத்து முள்ளைப் பின்னுக்குத் திருப்பிவிட்டது.