நடு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு டிவி சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். குரோம்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய தெரு. மின்சார ரயில் போகும்போதுகூட, எங்கள் வீட்டில் வாசிக்கும் செய்தி எதிர் வீட்டுக்காரர் காதில் தெளிவாக விழுந்துவிடும். விழாதது என் அப்பா காதில் மட்டும்தான். அவர் டிவிக்கு இரண்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். காது மந்தம் என்ற பேச்சையே அவர் முன்னால் எடுக்கக் கூடாது. "எனக்குக் காது நல்லாத்தான்டா இருக்கு. இந்தப் பெட்டிதான் முணுமுணுக்குது" என்பார். தாம்பரத்தில் டாக்டரிடம் காட்டி வாங்கிய காது மெஷின் டப்பாவோடு பீரோவில் தூங்கியது. அதைப் போட்டால் தட்டு வைக்கிற சத்தம்கூட மண்டையில் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். டாக்டர் கத்துக்குட்டியாம்.

நானும் பெட்டிதான் காரணம் என்று நம்ப ஆரம்பித்தேன். அப்பாவோடு மல்லுக்கட்டுவதைவிட டிவியைத் திட்டுவது சுலபம் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பா அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். அந்தத் தாமதம் எனக்குத் தாங்காது. ஒரு படமாவது அவர் வசனம் புரிந்து, எங்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. விசிடி வந்து வீட்டுக்கு வீடு கேசட்டை ஓரங்கட்டிக்கொண்டிருந்த சமயம். என் மனைவியின் அண்ணன் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வருவதாகப் போன் செய்தபோது, "மச்சான், வேற எதுவும் வேணாம். நல்லா சவுண்ட் வர்ற மாதிரி ஒண்ணு கொண்டாங்க. அப்பாவுக்குக் கேக்கணும்" என்றேன். வாயைத் திறந்து நான் அவரிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

கொண்டுவந்தார். ஐந்து ஸ்பீக்கர், நடுவில் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற கறுப்புப் பெட்டி ஒன்று. ரிசீவர் என்று அட்டையில் போட்டிருந்தது. நாங்கள் கடைசி வரைக்கும் செட் என்றுதான் சொன்னோம். அதை நேராக எங்கள் வீட்டில் இறக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் சேலையூரில் மாமியார் வீட்டில்தான் பிரிக்கப்பட வேண்டும். இரண்டு பெண்களும் மாப்பிள்ளைகளும் வந்து உட்கார்ந்த பிறகு, மாமியார் கையால்தான் பங்கு. யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. மனக்குறை அங்கேதான் உற்பத்தி ஆகும் என்பது வேறு விஷயம்.

என் மனைவியின் அக்கா கோவிலம்பாக்கத்தில் இருந்தார். மச்சான் அவருக்கு ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கி வந்திருந்தார். அப்போது கோவிலம்பாக்கத்தில் தெருவே புழுதி. அதை என்ன செய்வது என்று அக்கா பார்த்த பார்வையில் மாமியாருக்குப் புரிந்துவிட்டது. சின்னவளுக்குப் போகும் குவியலையும் பெரியவளுக்குப் போகும் ஒற்றைப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ ஸ்பீக்கரும் ஒரு வீட்டுக்கா? பெரியவளுக்கும் ஒண்ணு குடுடா."

"ஜோடியைப் பிரிக்க வேணாம்மா" என்றார் மச்சான்.

"ஜோடியை யார் பிரிக்கச் சொன்னா? இதோ இது ஒத்தையாத்தான இருக்கு. இதைக் குடு."

உண்மைதான். இரண்டு பெரியது ஒரு ஜோடி, இரண்டு சின்னது ஒரு ஜோடி. படுக்கைவாட்டில் நீளமாக ஒன்று மட்டும் ஜோடியில்லாமல் இருந்தது. எங்கள் குடும்பத்தில் குத்துவிளக்கிலிருந்து தலையணை வரைக்கும் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். ஒற்றையாக இருப்பது கொசுறு, கூட வைத்துக் கொடுத்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. மச்சானும் கடைக்காரன் கட்டிக்கொடுத்ததைத் தூக்கி வந்தவர், அவருக்கு மட்டும் என்ன தெரியும்? அக்கா முகம் மலர்ந்தது. நாலு போதாதா நமக்கு என்று நானும் பெருந்தன்மையாக இருந்தேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஞாயிறு. நாலு ஸ்பீக்கரையும் மாட்டி, விசிடியைப் போட்டேன். மழை பெய்தது. என்ன மழை! கொடியில் துணி கிடக்கிறதே என்று என் மனைவி எழுந்தேவிட்டாள். பின்னால் கதவு திறந்தது, பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மீசையை முறுக்காத குறை. அப்புறம் கதாநாயகன் வந்து வாயைத் திறந்தான். வாய் அசைந்தது. பேச்சு வரவில்லை.

மழை வந்தது, வயலின் வந்தது, செருப்புச் சத்தம் வந்தது. பேச்சு மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முனகல். கேபிள் டிவியைப் போட்டேன், இன்னும் மோசம். செய்தி வாசிக்கிற பெண் முழு ஊமை. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன், மாற்றி மாட்டினேன். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கியதும் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டு செட்டையே அணைத்துவிட்டது. அரை மணி நேரம்கூட அந்த ஊமைப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரிமோட்டைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன். அப்பா மட்டும், "நல்ல படம்டா, ஏன் நிறுத்திட்டே?" என்றார்.

செட்டை ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"இன்னா சார் இது, இவ்ளோ பெரிய பெட்டியா கீது. ஐசி போயிருக்கும் சார். விட்டுட்டுப் போங்க, பாக்கறேன்."

"புதுசுங்க. எப்படிப் போகும்?"

"புதுசுன்னா போவாதா சார்?"

வாரக்கணக்கில் அலையவிட்டார். ஆபீஸ் விட்டு ரயில் இறங்கி தினமும் அவர் கடை வாசலில் போய் நிற்பேன். என் செட்டின் மேல் யாரோ டீ கிளாஸ் வைத்திருப்பார்கள். கடைசியில் ஐசி நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தூசி மட்டும் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அந்த உழைப்புக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, செட்டோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு படம் போட்டிருந்தது. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவனைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர். டிவிக்கு மேலே, படுக்கைவாட்டில், அந்த ஒற்றை. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வசனம் முழுக்க நடு ஸ்பீக்கரில்தான் வரும். மற்றதெல்லாம் பாட்டுக்கும் சத்தத்துக்கும். பேச்சு குறைவாகக் கேட்டால் நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்! அப்பாவுக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்த மாதிரி இருந்தது. அதைத்தான் கொசுறு என்று கோவிலம்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தோம்.

ஸ்டீரியோ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் முன்னால் இருக்கிற இரண்டிலும் பேச்சு வந்தது, ஆனால் பாட்டு, மழை, சண்டை எல்லாவற்றோடும் கலந்து வந்தது. கூட்டினால் எல்லாம் கூடியது. அப்பாவுக்கு அது பழைய கதைதான். உள்ளூர் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி நடுவில் மாட்டிப் பார்த்தேன். செட் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து தானாக அணைந்துகொண்டது. வெளிநாட்டு ரோஷம்.

"உங்க அக்காகிட்ட அதைக் கேளேன்" என்றேன் மனைவியிடம்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? எங்க அக்காவைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க வீட்டுல அது சும்மாதானே இருக்கு?"

சும்மாதான் இருந்தது. நானே பார்த்தேன். அவர்கள் வீட்டு ஷோகேஸில், குரோஷா துணி விரித்து, அதன்மேல் ஸ்பீக்கரை வைத்து, ஸ்பீக்கர் மேல் இன்னொரு குரோஷா துணி விரித்து, அதன்மேல் பீங்கான் அன்னப்பறவை இரண்டை ஜோடியாக வைத்திருந்தார் அக்கா. ஒயர்கூட மாட்டவில்லை. வருகிறவர்களிடம், "தம்பி கொண்டாந்தது. ஃபாரின்" என்பார். பேசவேண்டிய ஸ்பீக்கர் அன்னப்பறவையைச் சுமந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். அது ஒரு தனிக் குற்றமாக சேலையூர் வரைக்கும் போய்விட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நான் அவள் குடும்பத்தை இழுத்தேன், அவள் என் கஞ்சத்தனத்தை இழுத்தாள். அக்கா போனில், "எங்க வீட்டுல ஒரே ஒரு ஃபாரின் சாமான் இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாராம். அதற்கு நான் பதில் சொன்னபோது மனைவி போன் வாயைக் கையால் மூடவில்லை, அது அங்கே அக்காவுக்கே கேட்டுவிட்டது. மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். மாமியார் சமாதானத்துக்கு வந்து, தன் தீர்ப்பைத் தானே மெச்சிக்கொண்டு, சண்டையைப் பெரிதாக்கிவிட்டுப் போனார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டிலிருந்து முறுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக் கேக்கும் போகவில்லை. பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

கடைசியில் என் மனைவியே ஒருநாள் பல்லாவரம் போய் பஸ் மாறி, அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாயங்காலம் வந்து நிபந்தனையைச் சொன்னாள். ஒற்றையைத் தருவார், ஆனால் வெறுமனே தர மாட்டார். பதிலுக்கு ஒரு ஜோடி வேண்டும்.

"எந்த ஜோடி?"

"பின்னாடி மாட்டியிருக்கீங்களே, அந்தச் சின்ன ஜோடி. ஷோகேஸ்ல ரெண்டு பக்கமும் வைக்க நல்லா இருக்குமாம்."

அதாவது சுற்றிவரச் சத்தம் கேட்பதற்காக வந்த செட்டில் சுற்றுவதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். மழை இனிமேல் முன்னால் மட்டும்தான் பெய்யும். கதவு பின்னால் திறக்காது. பிள்ளைகள் அழாத குறை. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி இரண்டையும் கழற்றினேன். எனக்கு மழையா முக்கியம்? பேச்சுதான் வேண்டும். அதைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

நடு ஸ்பீக்கர் வந்தது. டிவி மேல் வைத்தேன், மேலே ஒரு துணியும் விரிக்கவிடவில்லை. ஞாயிறு மத்தியானம், எல்லோரும் உட்கார்ந்தோம். படம் ஆரம்பித்தது. கதாநாயகன் வாயைத் திறந்தான். அடடா! கண்ணாடி மாதிரி, எழுத்துக்கு எழுத்துத் தனித்தனியாக விழுந்தது பேச்சு. புத்தகத்தில் போட்டிருந்தபடி நடுவை மட்டும் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சமையலறையில் இருந்த என் மனைவி, ஒரு வசனத்துக்கு அங்கிருந்தே சிரித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

நான் எழுந்து போய் அவர் முன்னால் குனிந்தேன். "அப்பா, இப்பக் கேக்குதா?"

"கேக்குதே."

"பேச்சு? அவன் பேசறது புரியுதா?"

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை சொன்னேன்.

"எப்பவும் மாதிரிதான்டா இருக்கு" என்றார். "அன்னைக்கு முதல்ல போட்டியே, அப்பவும் இப்படித்தான் கேட்டுது. சத்தமெல்லாம் நல்லா வருது. பேச்சு எனக்கு எங்க வந்திருக்கு?"

யார் மேலும் குறை சொல்கிற குரல் இல்லை அது. நான் அரை மணி நேரம் பார்க்க முடியாமல் ரிமோட்டை எறிந்த அந்தப் படத்தைத்தான் இந்த மனிதர் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் மட்டுமா? சர்ச்சில் பிரசங்கம், வாசலில் வருகிறவர்கள், சாப்பாட்டு நேரத்தில் நாங்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபப்பட இந்த முறை ஆள்தான் கிடைக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன்டா, இத்தனை மாசமா ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தீங்களே. அவ அடுப்படியில நின்னு அழுதா. உங்க மாமியார் வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டுப் போனாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே. எதுக்குடா சண்டை?"

சமையலறையில் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவருக்குக் கேட்கும்படி நான் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் அவர் காதருகே குனிந்து, வாயைத் திறந்து, அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.