பங்குனியில் மட்டும் புகையும் அடுப்பு

"ஆளில்லாத நிலம்" என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜியாலஜி முடித்து ஒரு தனியார் சர்வே கம்பெனியில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் வேலையில்தான் வீடே நின்றது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரப் புறம்போக்கில் சுத்தமான குவார்ட்ஸும் பாஸ்பேட்டும் தேறுமா என்று பார்க்க அனுப்பினார்கள். குவார்ட்ஸ் என்றால் எங்கள் பக்கம் வெங்கச்சங்கல். கூட வந்த மேலதிகாரியும் இந்த ஜில்லாக்காரர்தான். ஆபீசில் சார், வெளியே அண்ணாச்சி.

உடைமரங்களுக்குள் வெகுதூரம் நடந்தோம். ஒரு குருவி இல்லை. ஓடைக்கரை மருதமரத்தடியில் வெள்ளை வெளேரென்று கற்கள். அண்ணாச்சி ஒன்றைப் புரட்டினார்.

"கருப்பா இருக்குல்லா, மாங்கனீசு. இந்தச் சிவப்பு இரும்புக் கறைலே."

கற்கள் மும்மூன்றாகக் கிடந்தன.

"அண்ணாச்சி, அது கரி. இது குங்குமம். பொங்கலடுப்பு. அங்கன பாருங்க, சாஸ்தா பீடம்."

பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, இந்தக் கல்ல முழுசாப் பையில போடு. லேப்ல கழுவிக்கிடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் ஏதாவது ஒரு காட்டில் சாஸ்தா உண்டு. வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பங்குனி உத்திரத்தன்று சென்னை, பம்பாய் என்று எங்கிருந்தாலும் வந்து, அவரவர் அடுப்பில் பொங்கலிடுவார்கள். நாங்களும் போவோம். அண்ணாச்சியும்தான், அந்த வருஷம் லீவு போட்டுப் போய்வந்து ஆபீசுக்கே திருநீறு கொடுத்தவர்.

குற்றாலத்து லாட்ஜில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பங்குனியில் மக்கள் கூடும் இடம், இங்கே துளை போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து அவர் போனுக்கு அனுப்பினேன். மறுநாள் ஐந்தருவியில் எண்ணெய் தேய்ப்பவரிடம் உடம்பைக் கொடுத்தபடியே பேச்சை எடுத்தார்.

"அந்த வரிய எடுத்துரு. ஆளில்லாத நிலம்னு போடு."

"ஆள் வருவாங்க அண்ணாச்சி."

"வருசத்துல ஒருநா. அதுக்காவ மலையவே விட்டுரவா?"

"உங்க சாஸ்தாவுக்கும் ஒருநாதான கூட்டம்? அங்கன துளை போடுவோமா?"

எண்ணெய் தேய்ப்பவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "குனிங்க அண்ணாச்சி, முதுகு பாக்கி" என்றார்.

"ஏலே, எங்க சாஸ்தா வேற. நாலெழுத்து படிச்சவன் மாதிரியா பேசுத? பள்ளிக்கூடம் போகாத உங்க அய்யாகூட இப்படிப் பேசமாட்டாரு."

"பேசமாட்டாரு. கும்பிட்ட கையால கல்லைப் பெயர்க்கவும் மாட்டாரு."

வரியை நான் எடுக்கவில்லை. என்னை எடுத்துவிட்டார்கள். அறிக்கை வேறொருவர் கையெழுத்தில் போனது, அவர்கள் கேட்ட மாதிரியே. எத்தனை குடும்பத்தின் அடுப்புகள் அங்கே கிடக்கின்றன! ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை போகவில்லை.

சாம்பிள் பை மட்டும் என்னிடம் இருந்தது. அவர்கள் திருப்பிக் கேட்பதற்கு முன் பஸ் ஏறினேன். கல்லைத் தோளில் சுமந்துபோய், இரண்டு கல்லோடு நின்ற அடுப்பில் வைத்தேன். இன்னொரு கல் எடுக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? எனக்கும் தெரியும். இருந்தாலும் வைத்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. "ஏலே, சாம்பிள் எங்க?"

"எடுத்த இடத்துல இருக்கு. பங்குனி உத்திரத்துக்கு வாங்க அண்ணாச்சி. அடுப்புக்காரங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கிடுங்க."